தீர்மானம் எண் ஒன்பது

ஆகஸ்டு பதினைந்து, பகல் பதினொரு மணி.
கொடியேற்றிக் கொடுத்த ஆரஞ்சு மிட்டாய்
வாயில் இன்னும் கரையவில்லை.
சமுதாயக் கூடத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர்.
மினிட் புத்தகம் என் மடியில்.
பதினெட்டு வருஷமாய் இந்த ஊராட்சிக்குச் செயலர்.
பேசுவதை எல்லாம் எழுதமாட்டேன்,
எழுதவேண்டியதை எழுதுவேன்.

எட்டாம் தீர்மானம் எப்போதும்போல:
கல்லணை திறந்து அறுபது நாளாகியும்
அரிச்சந்திரா ஆற்றில் முழங்கால் தண்ணீர்,
நம் கடைமடை வாய்க்காலில் நத்தைக்கும் காணாது.
திங்கட்கிழமை சாலை மறியல்.
ஏகமனதாக நிறைவேறியது.

அப்போது தையல்நாயகி எழுந்தாள்.
பன்னிரண்டாம் வகுப்புச் சீருடை,
கணக்கு நோட்டில் கிழித்த தாள்.
"தண்ணி வரலன்னா ரோட்டை மறிக்கிறீங்க.
பத்தாவதோட பொட்டப்புள்ளைங்க நின்னுபோச்சே,
அதுக்கு ஒரு சைக்கிளைக்கூட யாரும் மறிக்கலையே?"

துணைத்தலைவர் சிரித்தார்.
மில்லுக்கு ஆள் பிடித்து அனுப்பும் குணசீலன் சிரிக்கவில்லை.
"ஓட்டு இல்லாதவ சபையில பேசலாமா?
செயலர், சட்டத்தைப் பாருங்க."

பார்த்தேன். சட்டம் அவர் பக்கம் இருந்தது.
"உட்காரும்மா."
உட்கார்ந்தாள்.

எழுந்தது அவள் அம்மா பவுனம்மாள்.
கணுக்காலில் நாற்றங்கால் சேறு உலர்ந்து வெடித்திருந்தது.
வாக்காளர் பட்டியலில் வரிசை எண் இருநூற்று ஆறு.
எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.
மகள் காலடியில் இருந்து முணுமுணுக்க,
தாய் சொன்னாள்,
நடவு வயலில் அடுத்த வரப்புக்குக் கூப்பிடும் குரலில்:

"குறிஞ்சிமலர். பத்தாவதுல நானூத்தி முப்பத்தொண்ணு.
திருப்பூர்ல பனியன் மடிக்கிறா.
அபிநயா. கல்யாணம். பதினாறு வயசு.
தெய்வானை. மதகடியில பஸ் நிக்கல.
மூணு நாளு நடந்தா,
நாலாம் நாளு அவ அப்பன் விடல.
ரெட்டைப் புள்ளைங்க சங்கவி, சங்கீதா.
ஒருத்திக்குத்தான் காசு இருந்திச்சி.
ரெண்டு பேருமே நின்னுட்டாளுவ."

ஓரிடத்தில் காதில் விழாமல்
"என்னது? சத்தமா சொல்லுடி" என்று குனிந்தாள்.
கூடம் சிரித்தது.
சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

பின்வரிசையில் ஒருவர் துண்டை உதறி எழுந்தார்:
"எம்மவ பேரை எடுக்க நீ யாரு?"
பவுனம்மாள் மகள் பக்கம் குனியவில்லை.
"எடுக்கத்தான் ஆளில்லையே இத்தனை நாளா."
இது மட்டும் தாளில் இல்லாதது.

பதினான்கு பெயர். எழுதினேன்.
பள்ளி நேரத்துக்குப் பஸ் வேண்டும்,
மதகடியில் நிற்க வேண்டும்,
மில் வேன் ஊருக்குள் வரக்கூடாது.
கை தூக்கியவர்கள் அறுபத்து மூன்று.
குணசீலன் வெளியே வேப்பமரத்தடியில்
யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

தாளில் ஒரு பெயர் இல்லை.
சுபலட்சுமி.
போன தை மாசம், பதினொன்றாம் வகுப்பு நடுவில்,
மன்னார்குடியில் கட்டிக்கொடுத்தேன்.
நல்ல இடம் என்றார்கள்.
இவளும் அவளும் ஒரே பெஞ்சு.
மறந்திருக்க மாட்டாள்.
தலை நிமிர்ந்தேன்.
தையல்நாயகி என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

கார்த்திகை வந்துவிட்டது.
தண்ணீர் வந்து, மிஞ்சி, வயலை மூழ்கடித்து வடிந்தும்விட்டது.
மதகடியில் பஸ் நிற்கவில்லை.
அவள் சைக்கிள் டயரை யாரோ இரண்டு தடவை கீறிவிட்டார்கள்.
நடக்கிறாள். தெய்வானையும் நடக்கிறாள்.
ஆற்றங்கரைச் சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
சத்தமாய்ச் சண்டை போட்டபடி போகிறார்கள்,
வேதியியலா, வேறெதுவா தெரியவில்லை.

தணிக்கைக்கு வந்த அதிகாரி
ஒன்பதாம் தீர்மானத்தில் விரல் வைத்தார்.
"சபையில் படித்தது பதினாலு பேர் என்கிறார்கள்.
இங்கே பதினைந்து இருக்கிறதே?"

கடைசி வரி கொஞ்சம் கோணல்.
மை வேறு.

"ஆமாம் சார்," என்றேன்.
"அது என் வீடு."